அழைத்தால் வருவார்களா? பரிசோதனைத் திட்ட சிமுலேஷன்களில் மனித நடத்தையை எழுதுவது பற்றி

கேட்டவர் கணினி அறிவியலில் முதுநிலை ஆய்வு செய்யும் மாணவர். முப்பது வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒரு முறை கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கப்படும் ஒரு லட்சம் பெண்களைக் கணினிக்குள் உருவாக்கி, அத்திட்டம் எத்தனை உயிர்களைக் காக்கும் என்று கணக்கிடும் சிமுலேஷன் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் 60 சதவீதம் பேர் வருவார்கள் என்று வைத்திருக்கிறார். அது போதுமா, அல்லது உளவியல் கோட்பாடு ஒன்றைச் சேர்த்து ஒவ்வொரு பெண்ணும் எப்படி முடிவெடுக்கிறார் என்பதையே எழுத வேண்டுமா என்பது அவர் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இது நிரலை எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்ற ஐயம். உள்ளே இருக்கும் கேள்வி பெரியது: மனித நடத்தையில் எதை விட்டுவிட்டால் விடை பிழையாகும், எதை விட்டாலும் விடை மாறாது? என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே எண் போதாது. உளவியல் கோட்பாடு பெரும்பாலும் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று கட்டாயம் வேண்டும்: இந்தச் சுற்றுக்கு வந்த 60 பேர் யார், வராத 40 பேர் யார் என்பதை மாதிரி (சிமுலேஷனுக்குப் பின்னுள்ள கணக்கு மாடல்) அடுத்த சுற்றுவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டங்களுக்கான சிமுலேஷன்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் என் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே வரும். காசநோய், எச்ஐவி போன்ற தொற்றுநோய்ப் பரிசோதனைகளில் ஒருவர் வராமல் இருப்பது மற்றவருக்கும் நோயைக் கடத்தும். அந்தக் கணக்கு வேறு, அதில் எனக்கு நேரடிப் பயிற்சி இல்லை.

நடத்தையை எழுதத் தொடங்கும் முன், சிமுலேஷன் யாருக்கு விடை சொல்லப்போகிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021-ல் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தபோது, புற்றுநோய் சிமுலேஷன் செய்யும் ஆய்வுக் குழுக்களின் சிஸ்நெட் கூட்டமைப்பைச் சேர்ந்த மூன்று மாதிரிகள் அதற்குத் துணைநின்றன. அவை எல்லோரும் எல்லாச் சுற்றுக்கும் வருவார்கள், சோதனையில் சந்தேகம் வந்தால் எல்லோரும் கொலோனோஸ்கோபியும் (குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) செய்துகொள்வார்கள் என்று நூறு சதவீத ஒத்துழைப்பை எடுத்துக்கொண்டன. யதார்த்தம் தெரியாமல் செய்ததாக இதைப் பலர் குறை கூறுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. "பரிந்துரையை முழுமையாகப் பின்பற்றும் ஒருவருக்கு எந்த அட்டவணை நல்லது?" என்பது அங்கே கேள்வி, பின்பற்றாதவர்களை அதற்குள் கலந்தால், வராதவர்களை ஈடுகட்டுவதற்காக வருகிறவர்களை அளவுக்கு மீறிச் சோதிக்கும் அட்டவணை சிறந்ததாகத் தோன்றிவிடும். ஆனால் ஒரு மாநிலத்தின் சுகாதாரத் துறை கேட்பது வேறு கேள்வி: இத்தனை கோடி ரூபாய் செலவிட்டால் எத்தனை இறப்புகள் குறையும்? அதற்கு நூறு சதவீத மாதிரியின் விடையைக் கொடுப்பது தவறு.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள இடைவெளியை நார்டிக் என்ற ஐரோப்பிய ஆய்வில் கண்ணெதிரே பார்க்கலாம். போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் 55 முதல் 64 வயதுக்குட்பட்ட 84,585 பேரைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் ஒருமுறை கொலோனோஸ்கோபிக்கு அழைத்தார்கள். முடிவுகள் 2022-ல் வெளியாயின. அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 42 சதவீதம். பத்தாண்டுகளில் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அழைக்கப்படாதவர்களிடம் 1.20 சதவீதமாகவும் அழைக்கப்பட்டவர்களிடம் 0.98 சதவீதமாகவும் இருந்தது, அதாவது 18 சதவீதக் குறைவு. அழைக்கப்பட்ட எல்லோரும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சரிக்கட்டிக் கணித்தபோது அந்தக் குறைவு ஏறத்தாழ 31 சதவீதமாக உயர்ந்தது. வெளியானபோது, கொலோனோஸ்கோபி பயனற்றது என்று செய்தி எழுதியவர்களும் உண்டு. முதல் எண் அழைப்புக் கடிதத்தின் பயன், இரண்டாவது எண் சோதனையின் பயன். உங்கள் சிமுலேஷன் இவற்றில் எதைத் தருகிறது என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் கேள்வி திட்டத்தைப் பற்றியது, ஆகவே நடத்தை வேண்டும். இப்போது அந்த 60 சதவீதத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கணினி ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து, அது 0.6-க்குக் கீழே இருந்தால் வந்ததாகக் கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சுற்று முடிவில் ஒருமுறைகூட வராதவர்கள் 0.4-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது ஒரு சதவீதம்தான். லட்சம் பெண்களில் ஆயிரம் பேர் மட்டுமே. எந்த நாட்டின் எந்தத் திட்டத்திலும் இப்படி நடப்பதில்லை. மாறாக, ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருக்கே உரிய வருகை நிகழ்தகவு ஒன்று உண்டு, அது ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஏறத்தாழ நிலையானது என்று கொள்ளுங்கள். அந்த நிகழ்தகவுகளை 0.6, 0.4 என்ற அளவைகள் (பாராமீட்டர்கள்) கொண்ட பீட்டா பரவலிலிருந்து, அதாவது 0-க்கும் 1-க்கும் இடையிலான எண்களைத் தரும் ஒரு நிகழ்தகவுப் பரவலிலிருந்து எடுத்தால், சராசரி வருகை அதே 60 சதவீதம்தான். ஆனால் ஒருமுறைகூட வராதவர்கள் ஒரு சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 17 சதவீதமாகிவிடுகிறார்கள். ஐந்து சுற்றுக்கும் தவறாமல் வருபவர்கள் முந்தைய மாதிரியில் சுமார் 8 சதவீதம், இதில் 34 சதவீதம். முதல் சுற்றுக்கு வந்தவர் இரண்டாவதற்கும் வரும் வாய்ப்பு 80 சதவீதம், வராதவர் வரும் வாய்ப்பு 30 சதவீதம். ஆண்டறிக்கையில் இரண்டு மாதிரிகளும் ஒரே "60 சதவீதம்" என்றுதான் காட்டும்.

இது வெறும் கணித நுணுக்கமில்லை, கொள்கையையே புரட்டிப்போடக்கூடியது. சுற்றுகளுக்கு இடையிலான காலத்தைப் பாதியாக்கி ஐந்து சுற்றைப் பத்தாக்கலாமா என்று யாரேனும் கேட்டால், முதல் மாதிரி உற்சாகமாக ஆம் என்று சொல்லும். பத்து சுற்றில் வராதவர் என்று அநேகமாக யாருமே மிஞ்சமாட்டார்கள். இரண்டாவது மாதிரியில் வராதவர்கள் 17-லிருந்து 11 சதவீதமாக மட்டுமே குறைகிறார்கள். கூடுதல் செலவின் பெரும்பகுதி ஏற்கெனவே தவறாமல் வருகிற பெண்களை மறுபடி மறுபடி சோதிப்பதில் போகிறது. அந்தப் பணத்தில் கிராம சுகாதாரச் செவிலியரை வராதவர் வீட்டு வாசலுக்கு அனுப்புவது மேலா என்ற கேள்வி இரண்டாவது மாதிரியில்தான் எழ முடியும். முதல் மாதிரியில் "வராதவர்" என்று ஒரு ஆளே கிடையாது, வராத சந்தர்ப்பங்கள் மட்டுமே உண்டு. பரிசோதனைத் திட்டங்களின் துயரம் முழுவதும் அந்த ஆள்களிடம்தான் இருக்கிறது என்பதால், அவர்களை அழித்துவிடுகிற மாதிரியை நான் ஏற்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவித்த கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒழிப்பு உத்தியிலும் இந்த ஐயம் ஒளிந்திருக்கிறது. 70 சதவீதப் பெண்கள் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் உயர்தரச் சோதனை ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. இரண்டு முறையும் அதே 70 பேரா? அப்படியானால் 30 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையும் சோதிக்கப்படவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கி எடுத்த 70 பேரா? அப்படியானால் விடுபட்டவர்கள் 9 சதவீதம் மட்டுமே, ஆனால் இரண்டு முறையும் வந்தவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. உண்மை இவை இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். எங்கே என்பதை உங்கள் மாதிரி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, வராதவர்களின் உடல்நிலை வருகிறவர்களின் உடல்நிலையைப் போன்றதுதானா என்பது. இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று நியூயார்க் பெருநகர மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 1963-ல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் ஆய்வு. 40 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 62,000 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மேமோகிராமுக்கும் (மார்பக எக்ஸ்ரே) மருத்துவர் பரிசோதனைக்கும் ஆண்டுதோறும் அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் இரு பங்கினர் வந்தார்கள், ஒரு பங்கினர் மறுத்தார்கள். முதல் ஐந்தாண்டில் மார்பகப் புற்றுநோய் அல்லாத பிற காரணங்களால் இறந்தவர்களைப் பாருங்கள்: வந்தவர்களில் ஆயிரத்துக்கு 21, மறுத்தவர்களில் 38, அழைக்கப்படாத கட்டுப்பாட்டுக் குழுவில் 28. மேமோகிராம் மாரடைப்பைத் தடுப்பதில்லை. வந்தவர்கள் பொதுவாகவே நலமாக இருந்தவர்கள், வசதியும் படிப்பும் கூடியவர்கள், மறுத்தவர்கள் அப்படியல்ல. இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் மார்பகப் புற்றுநோய் இறப்பை மட்டும் எடுத்தால், வந்தவர்களில் ஆயிரத்துக்கு 1.1, மறுத்தவர்களில் 1.5, கட்டுப்பாட்டுக் குழுவில் 2.0. மறுத்தவர்கள் எந்தச் சோதனையும் செய்துகொள்ளவில்லை; இருந்தும் கட்டுப்பாட்டுக் குழுவைவிடக் குறைவாக இறந்திருக்கிறார்கள். தாமதமாகக் குழந்தை பெறுதல், குறைந்த எண்ணிக்கையில் பெறுதல் போன்ற காரணங்களால் மார்பகப் புற்றுநோய் வசதியான பெண்களிடம் கூடுதலாக வருவதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் திசை தலைகீழாகும். ஒழுங்காக நடக்கும் திட்டங்கள் உள்ள நாடுகளில், இந்த நோய் வரும் பெண்களில் பெரும்பகுதியினர் சோதனைக்கு வராதவர்களாக அல்லது நீண்ட இடைவெளி விட்டவர்களாகவே இருக்கிறார்கள். இதில் ஒரு பங்கு சோதனை தந்த பாதுகாப்பால் விளைந்தது. இன்னொரு பங்கு, வறுமை, இளவயதுத் திருமணம், புகைப்பழக்கம், எச்ஐவி தொற்று ஆகியவை நோயையும் வராமையையும் ஒருசேரக் கொண்டுவருவதால் விளைந்தது. இரண்டாவது பங்கு எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு மாறும், பிரித்தெடுப்பதும் கடினம். ஆகவே "வராதவர்களுக்கு ஆபத்து அதிகம்" என்பதைப் பொது விதியாக எழுதாதீர்கள். எந்த நோய் என்று பார்த்து, வருகைக்கும் நோய் அபாயத்துக்கும் உள்ள தொடர்பை மாதிரியில் தனி அளவையாக வைத்து, அது பூஜ்யமாகவும் இருக்கலாம், இரு திசையிலும் போகலாம் என்று மூன்று வகையாக ஓட்டிப்பாருங்கள். வருகை சமூக நிலையோடு சேர்ந்தே நகர்கிறது என்பது மட்டும் உறுதி. இங்கிலாந்தில் பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனைப் பெட்டியை அஞ்சலில் இலவசமாக வீட்டுக்கே அனுப்பிய திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், வசதி மிகுந்த பகுதிகளில் 61 சதவீதம் பேரும் மிகவும் பின்தங்கிய பகுதிகளில் 35 சதவீதம் பேரும் அதைத் திருப்பி அனுப்பினார்கள். கட்டணமும் இல்லை, பயணமும் இல்லை. அப்போதும் இடைவெளி இவ்வளவு.

"வருதல்" என்பதும் ஒரே செயல் அல்ல. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கி நடந்த ஆய்வு, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ. சோதனையை மதிப்பிட்டது. 114 ஊராட்சிகளைப் பிரித்து, பாதியில் சோதனை. அங்கிருந்த 49,311 பெண்களில் 31,343 பேர், 63.6 சதவீதம், வந்தார்கள். அவர்களில் பத்தில் ஒருவருக்குச் சோதனை சந்தேகம் காட்டியது. நோய்வரவு 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-ல் வெளியிட்டார்கள். நான் மாணவர்களிடம் சுட்டிக்காட்டுவது இந்தக் குறைவைவிட அதற்குப் பின்னிருந்த ஏற்பாட்டை. பயிற்சி பெற்ற செவிலியர் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து பார்க்கிறார். வெண்படலம் தெரிந்தால் அதே அமர்விலேயே கோல்போஸ்கோபி (உருப்பெருக்கியால் கருப்பைவாயைப் பார்ப்பது), தேவைப்பட்டால் உறையவைக்கும் கிரையோ சிகிச்சை. அப்போதும் "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போகும் பெண்கள் எந்த முகாமிலும் உண்டு. ஆனால் முடிவுக்காக ஒரு நாள், மேற்சோதனைக்காக ஒரு நாள், சிகிச்சைக்காக ஒரு நாள் என்று மூன்று நாள் கூலியையும் துணைக்கு வருபவரின் கூலியையும் இழக்கச் சொல்லும் ஏற்பாட்டைவிட அது எவ்வளவு குறைவான வாசல்களைக் கடக்கச் சொல்கிறது என்று பாருங்கள்.

இதை எண்ணில் பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு போதும். ஒரு சோதனை நோயுள்ள 100 பெண்களில் 90 பேரைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் முடிவை வாங்க 70 சதவீதமும் அவர்களில் சிகிச்சைக்கு 70 சதவீதமும்தான் திரும்பி வருகிறார்கள். கடைசியில் சிகிச்சை பெறுபவர்கள் 44 பேர். இன்னொன்று 60 பேரை மட்டுமே கண்டுபிடிக்கிறது, ஆனால் அதே இடத்தில் 85 சதவீதம் பேர் சிகிச்சையை முடித்துக்கொள்கிறார்கள். சிகிச்சை பெறுபவர்கள் 51 பேர். நடத்தையை ஒரே வாசலில் நிறுத்திவிட்ட மாதிரி இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் காணவே காணாது. ஆகவே அழைப்பு போய்ச்சேருதல், சோதனைக்கு வருதல், முடிவைப் பெறுதல், மேற்சோதனை, சிகிச்சை, பின்தொடர்தல் என்று ஒவ்வொரு படிக்கும் தனி நிகழ்தகவு வையுங்கள். அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றும் வைக்காதீர்கள். சோதனைக்குத் தயங்கித் தயங்கி வந்தவரே மேற்சோதனையிலும் நழுவக்கூடியவர். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான, பெண்கள் தாங்களே செல் மாதிரியை எடுத்துத் தரும் சோதனைப் பெட்டியை வீட்டுக்கே கொடுத்தால், இதுவரை வராதவர்களில் கூடுதலானோர் பங்கேற்கிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதிப்பட்டது. அப்படிப் புதிதாக வந்தவர்கள் சோதனையில் தொற்று தெரிந்தபின் வழக்கமாக வருபவர்களைப் போலவே மேற்சிகிச்சைக்கும் வருவார்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் ஐயத்துக்குரியது.

சோதனையின் முடிவு அடுத்த வருகையை மாற்றுமா? இங்கே நான் உங்களுக்கு உறுதியான எண் எதுவும் தர முடியாது, தருபவர்களையும் நம்ப வேண்டாம் என்பேன். மேமோகிராமில் நோய் இல்லாமலே நோய் இருப்பதாகத் தவறான சந்தேகம் எழுந்த பெண்களின் அடுத்த வருகையைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் ஒரு மீளாய்வு வெளியானது. அமெரிக்காவில் அத்தகைய பெண்கள் அடுத்த முறை கூடுதலாக வந்தார்கள், ஐரோப்பாவில் வேறுபாடில்லை, கனடாவில் குறைவாக வந்தார்கள். ஒரே அனுபவம், மூன்று விளைவுகள். திட்டம் எப்படி அழைக்கிறது, யார் விளக்குகிறார்கள், கட்டணம் யாருடையது என்பவையெல்லாம் இதற்குள் இருக்கக்கூடும். இந்தியப் பெண்களிடம் வி.ஐ.ஏ.யில் எழும் தவறான சந்தேகம் எந்தத் திசையில் தள்ளும் என்பதற்கு இதிலிருந்து ஒன்றும் பெற முடியாது. இதை மாதிரியில் ஒரு கூட்டல் கழித்தல் எண்ணாக வைத்து, இரு பக்கமும் நகர்த்திப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உளவியல் கோட்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பரிசோதனைக்கு மக்கள் ஏன் வருவதில்லை என்ற கேள்வியிலிருந்தே அத்துறையின் புகழ்பெற்ற கோட்பாடு ஒன்று பிறந்தது. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த சமூக உளவியலாளர்கள், காசநோய்க்கான இலவச மார்பு எக்ஸ்ரேவுக்கு மக்கள் வராததை ஆராய்ந்து உருவாக்கியதுதான் சுகாதார நம்பிக்கை மாதிரி. எனக்கு நோய் வரலாம் என்ற எண்ணம், வந்தால் கடுமையாக இருக்கும் என்ற எண்ணம், சோதனையால் பயனுண்டு என்ற எண்ணம், தடைகளைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றை அது கணக்கில் கொள்கிறது. நேர்காணலுக்கும் விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கும் மிகப் பயனுள்ளது. ஆனால் சிமுலேஷனுக்குள் கொண்டுவரும்போது, ஒவ்வொரு எண்ணத்துக்கும் ஒரு எண், அந்த எண்கள் காலப்போக்கில் மாறும் வேகம், எண்ணத்திலிருந்து செயலுக்குப் போகும் வழி என்று பத்துப் பன்னிரண்டு அளவைகளை நீங்கள் கற்பனையிலிருந்து நிரப்ப வேண்டியிருக்கும். "வருவேன்" என்று சொன்னவர்களில் கணிசமானோர் வருவதில்லை என்பது உடல்நல உளவியலில் நன்கு தெரிந்த செய்தி. ஆதாரமில்லாத பன்னிரண்டு எண்களைக் கொண்ட மாதிரி எந்த வருகைத் தரவோடும் பொருந்திவிடும். பொருந்துவதால் எதையும் நிரூபிக்காது. பிரசாரம் ஒன்றின் விளைவையே நேரடியாக ஆராய்வதாக இருந்தால், அதற்கென்று அளந்த தரவு கையிலிருந்தால், இதைச் சேர்க்கலாம். இல்லையென்றால் ஆளுக்கொரு நிலையான வருகை நாட்டம், அதோடு வயது, ஊர், பொருளாதார நிலை, முந்தைய சுற்று வருகை ஆகியவற்றைக் கொண்டு வருகை நிகழ்தகவைக் கணக்கிடும் எளிய லாஜிட் சமன்பாடு போதும். எளிமையில் நிறுத்தச் சொல்வது சோம்பலால் அல்ல. ஒவ்வொரு அளவையும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை இருக்க வேண்டும் என்பதால்.

அந்த விடை எங்கிருந்து வரும் என்பதுதான் நம் ஊரில் கடினம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் பத்து சதவீதத்தை ஒட்டி. திண்டுக்கல் ஆய்வின் 63.6 சதவீதத்தோடு இதை ஒப்பிடுங்கள். ஆய்வில் களப்பணியாளர் வீடுவீடாகப் போய் விளக்கினார், முகாம் அருகில் இருந்தது, வராதவரை மறுபடி அழைத்தார்கள். வழக்கமான திட்டத்துக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துவைப்பது நேர்மையாகாது. 2016-ல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் வகுத்த செயல்முறைப்படி 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை வி.ஐ.ஏ. செய்ய வேண்டும். உங்கள் சுற்றுகள் அதையே பின்பற்றுகின்றன என்று தெரிகிறது. 60 சதவீதம் என்ற எண்தான் அந்தச் செயல்முறையிலிருந்து வந்ததல்ல. குடும்ப நல ஆய்வு "எப்போதாவது செய்துகொண்டீர்களா" என்று மட்டுமே கேட்கிறது. அந்த ஒரு விடையிலிருந்து சராசரி வருகையையும் ஒரே ஆள் மறுபடி வரும் தன்மையையும் ஒருசேரப் பிரித்தெடுக்க முடியாது. குறைந்த வருகையும் பலருக்குப் பரவிய மாதிரியும், கூடிய வருகையும் சிலரிடமே குவிந்த மாதிரியும் அதே எண்ணைத் தரும். வாய்மொழி விடைகள் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் மருத்துவப் பதிவேடுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேண்டியது ஒரே ஆளை இரண்டு சுற்றிலாவது தொடரும் பதிவேடு. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தம், நீரிழிவுக்காக வீட்டுக்கே போவதால், அத்தகைய தொடர் பதிவுகள் உருவாக வழியிருக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் இரத்த அழுத்தம் பார்க்கச் சம்மதிப்பதும் இடுப்புக்குக் கீழான பரிசோதனைக்குச் சம்மதிப்பதும் ஒன்றல்ல. அதிலிருந்து வருகை நாட்டத்தை நேரடியாக இரவல் வாங்காதீர்கள்.

நிரல் எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. நோயின் போக்குக்கு ஒரு சமவாய்ப்பு எண் வரிசையும் நடத்தைக்கு வேறொரு வரிசையும் வையுங்கள். அப்போதுதான் இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது அதே பெண் அதே நாட்டத்தோடும் அதே நோயோடும் இரண்டிலும் இருப்பார், வேறுபாடு திட்டத்தால் வந்ததா குலுக்கலால் வந்ததா என்ற குழப்பம் வராது. ஐந்தாண்டு முடிந்த அன்றே வருவார் அல்லது வரவே மாட்டார் என்று எழுதாமல், தாமதத்துக்கு ஒரு பரவல் வையுங்கள். ஏழாம் ஆண்டு வந்தவரை முதல் வகையில் வராதவராக எண்ணுவது இழப்பைப் பெரிதாக்கிக் காட்டும். இரத்தக் கசிவு போன்ற அறிகுறி தெரிந்து மருத்துவமனைக்குப் போகும் பெண்ணைச் சோதனைக்கு வந்தவராகக் கணக்கிடாதீர்கள், அது வேறு பாதை. கட்டுப்பாட்டுக் குழுவிலும் சிலர் தாமாகவே தனியார் மருத்துவமனையில் சோதனை செய்துகொள்வார்கள். அமெரிக்காவில் நடந்த பிஎல்சிஓ என்ற பெரிய ஆய்வில், சோதிக்கப்படாத குழு என்று வைத்தவர்களிலேயே மிகப் பலர் வெளியில் புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ இரத்தச் சோதனை செய்துகொண்டதால், அந்தப் புற்றுநோய் இறப்பு பற்றிய அதன் முடிவைப் படிப்பதே சிக்கலானது. ஒரே வீட்டில் இருக்கும் மாமியாரும் மருமகளும் சேர்ந்து வருவதையும் சேர்ந்து வராமல் இருப்பதையும் களத்தில் எல்லோரும் பார்க்கிறோம். குடும்ப அளவில் அதை அளந்த தரவு கைக்கு வரும்வரை மாதிரியில் சேர்ப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

ஓட்டி முடித்ததும், இறப்பு எண்ணிக்கையைப் பார்க்கும் முன் மூன்றை அச்சிட்டுப் பாருங்கள்: எல்லாச் சுற்றும் முடிந்தபின் ஒருமுறைகூட வராதவர் விகிதம், ஒரு சுற்றுக்கு வந்தவர் அடுத்ததற்கு வரும் விகிதம், சந்தேகம் தெரிந்தவர்களில் சிகிச்சையை முடித்தவர் விகிதம். இவற்றைக் களத்தில் பணியாற்றும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரிடம் காட்டி நம்பத்தக்கவையா என்று கேளுங்கள். மென்பொருள் சோதனை எதுவும் பிடிக்காத பிழையை அவர் பிடிப்பார். பிறகு மாதிரியை இரண்டு எல்லைகளில் ஓட்டுங்கள்: ஒவ்வொரு சுற்றும் புதுக் குலுக்கல் என்பது ஒன்று, முதல் சுற்றுக்கு வந்தவர்களே எப்போதும் வருவார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் அதே திட்டமே சிறந்தது என்று வந்தால், நடத்தையைப் பற்றிய நம் அறியாமை உங்கள் முடிவைப் பாதிக்கவில்லை என்று துணிந்து எழுதலாம். வேறு வேறு திட்டங்கள் சிறந்தவையாக வந்தால், நடுவில் ஒரு எண்ணைத் தேர்ந்து அந்த வேறுபாட்டை மறைத்துவிடாமல், வருகை அதே சிலரிடம் எந்த அளவு குவிந்தால் முடிவு புரள்கிறது என்பதைக் கண்டுபிடித்து அதையே ஆய்வேட்டின் முதன்மை முடிவாக எழுதுங்கள்.